புது ஸ்ப்ரே கன், கரகரத்த ட்ரிக்கர்: மூன்று கிழமையும் 22,000 ரூபாவும்

காருக்குப் பெயின்ற் அடிக்கப் புதிதாக ஒரு ஸ்ப்ரே கன் வாங்கியிருக்கிறீர்கள். காற்றுக் கொடுக்காமல் வெறுமனே ட்ரிக்கரை இழுத்துப் பார்க்கிறீர்கள். உள்ளே மணல் அரைபடுவதுபோல ஒரு கரகரப்பு, இடையில் ஒரு தட்டுப்படல், பிறகு திடீரென்று ஒரு வழுக்கல். அந்த நேரத்தில் என்ன செய்யக்கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அதைச் சொல்ல ஆளில்லை. கண்டபடி கை வைத்து மூன்று கிழமை வேலையும் 22,000 ரூபாவும் போன பிறகுதான் விஷயம் விளங்கியது. அந்தக் காசில் ஒரு ரூபாகூடத் திருத்துவதற்குத் தேவைப்பட்டதல்ல. திருத்திய வேலை கடைசியில் ஒரு பின்னேரப் பொழுது, கொஞ்சம் தின்னர், வீட்டில் கிடந்த வசலின், ஒரு துண்டு வோட்டர் பேப்பர் (நனைத்து உரஞ்சுகிற தாள்), அவ்வளவுதான்.

பெயின்ற் ஊற்றுகிற கப் கன்னின் மேலே உள்ள வகை. 600 மில்லிலீற்றர் கப், பெயின்ற் வெளியே வருகிற வாயான நொசில் 1.5 மில்லிமீற்றர். யாழ்ப்பாணம் ரவுணுக்குள் 9,500 ரூபாவுக்கு வாங்கினேன். பெரிய பெயர் உள்ள கன் அல்ல. ஆனால் பார்வைக்குக் குரோம் நன்றாக இருந்தது, நொசிலும் அதை உள்ளிருந்து அடைக்கிற ஊசியான நீடிலும் துருப்பிடிக்காத உருக்கு. கடையிலேயே ட்ரிக்கரை இழுத்துப் பார்த்தேன், கரகரத்தது. கேட்டதற்கு, "பாவிக்கப் பாவிக்கச் சரிவரும் தம்பி" என்றார்கள். அந்தச் சொல்லில் பாதி உண்மை. தேய்ந்து சரிவருகிற கரகரப்பு ஒன்று உண்டு, தேயத் தேயக் கன்னையே கெடுக்கிற கரகரப்பு இன்னொன்று உண்டு. இரண்டையும் கையால் பிரித்தறிய வேண்டும். அதை நான் அன்று செய்யவில்லை.

ட்ரிக்கர் கொஞ்சம் கரகரத்தால் என்ன, பெயின்ற் வந்தால் போதாதா என்று நினைக்கலாம். போதாது. ஸ்ப்ரே கன்னின் ட்ரிக்கர் இரண்டு படியாக வேலை செய்கிறது. முதல் சின்ன இழுப்பில் காற்று மட்டும் திறக்கும். இன்னும் இழுத்தால்தான் நீடில் பின்னுக்குப் போய்ப் பெயின்ற் வரும். விடும்போது மறுவளமாக: முதலில் பெயின்ற் நிற்கும், பிறகு காற்று நிற்கும். பெயின்ற்றுக்கு முன்னும் பின்னும் காற்று இருப்பதால்தான் துப்பாமல், சொட்டாமல் புகையாக வருகிறது. கன்னை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டு போகிற ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் விரல் இந்த இரண்டு படியையும் உணர்ந்து இழுத்து விட வேண்டும். கரகரப்பு இருந்தால் விரல் கூட அமத்தும், தடை விட்டதும் ட்ரிக்கர் ஒரேயடியாகப் பின்னுக்குப் பாயும். ஓட்டத்தின் தொடக்கத்தில் பெயின்ற் அள்ளிக் கொட்டியமாதிரி விழும். கதவு, பொனற் என்று ஒரு முழுப் பனலை அடிக்கும்போது பனலுக்கு வெளியே ட்ரிக்கரை இழுத்துத் தொடங்குவதால் இது மறைந்து போகும். ஆனால் ஒரு கீறலுக்கு மட்டும் அடித்து, ஓரத்தைப் பழைய பெயின்ற்றோடு கரைத்து விடுகிற வேலைக்கு அரை ட்ரிக்கர் பிடிக்க வேண்டும். கரகரக்கிற கன்னில் அரை ட்ரிக்கர் என்று ஒன்று இல்லவே இல்லை.

என்னிடம் வந்தது ஒரு பழைய மொறிஸ் மைனர் காரின் பொனற், அதாவது எஞ்சின் மூடி. யாழ்ப்பாணத்தில் இந்தக் கார்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று தெரியும்தானே, தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வந்தவை. அப்படி ஒரு பொனற்றைப் புதுக் கன்னால் தொட்டதே என் முதல் பிழை. பேஸ் கோட்டின், அதாவது நிறப் பூச்சின், இரண்டாவது ஓட்டத்திலேயே தொடங்குமிடத்தில் ஒரு கருமேகம்போலக் கறை விழுந்தது. அதைச் சமப்படுத்தப் போய் மூன்றாவது ஓட்டத்தைக் கூட அடித்து, கீழ் விளிம்பில் பெயின்ற் வழிந்தது. காய விட்டு, வோட்டர் பேப்பரால் உரஞ்சி வெட்டி, மறுபடி அடித்தேன். மறுபடி அதே இடத்தில் அதே கறை. அன்று ட்ரிக்கரின் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் கோபத்தோடுதான் அடுத்த பிழையைச் செய்தேன்.

ஒரு சிலிக்கோன் ஸ்ப்ரே ரின் 1,600 ரூபா. பூட்டு, பிணைச்சல், யன்னல் ரப்பர் எல்லாவற்றுக்கும் அடிக்கிறதுதானே என்று ட்ரிக்கரின் ஆணியிலும் நீடில் உள்ளே போகிற இடத்திலும் நன்றாக அடித்துவிட்டேன். ட்ரிக்கர் உடனே வெண்ணெய்போல ஆகிவிட்டது. சந்தோசத்தில், நிறத்துக்கு மேல் போடுகிற நிறமில்லாத கிளியரைக் கலந்து அடித்தேன். இரண்டு நிமிடத்துக்குள் பொனற் முழுக்க மீன்கண். சின்னச் சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் கிளியர் விலகிப் பேஸ் கோட் தெரிகிறது, விளிம்பு மட்டும் தடித்து நிற்கிறது. பார்த்துக்கொண்டிருக்கவே வட்டங்கள் பெருத்தன. நெஞ்சு படபடத்தது. தூசி என்றால் வெட்டிப் பொலிஷ் பண்ணலாம். இதற்கு அப்படி ஒரு வழி கிடையாது.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ட்ரிக்கர் கரகரத்தால் எவருடைய கையும் முதலில் போவது ஒரு ஸ்ப்ரே ரின்னுக்குத்தான். சிலிக்கோன் பட்ட இடத்தில் ஈரப் பெயின்ற் ஒட்டிப் பரவாது, அந்தப் புள்ளியை விட்டு நாலாபக்கமும் இழுபட்டு விலகும். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். அது கன்னில் மட்டும் நிற்கிற பொருளும் அல்ல: ஸ்ப்ரே அடித்தால் காற்றில் மிதந்து பக்கத்தில் கிடக்கிற பனல், துணி, மேசை எல்லாவற்றிலும் படியும். அதன் மேல் வோட்டர் பேப்பர் போட்டால் போகாது, இழுபட்டு மற்ற இடத்துக்கும் பரவும். முதலில் மெழுகும் கிறீசும் எடுக்கிற கிளீனரால், ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது காய முன்னமே இன்னொரு சுத்தமான உலர்ந்த துணியால் தூக்கி எடுக்க வேண்டும். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் வெட்டலாம். வாகனம் கழுவுகிற இடங்களில் டாஷ்போர்டுக்கும் ரயருக்கும் பூசுகிற மினுக்கல் சாமான்கள் பலவற்றிலும் இதே சிலிக்கோன்தான். பெயின்ற் அடிக்கிற கொட்டிலுக்குள் அவற்றைக் கொண்டு வரவே கூடாது. சாதாரணத் துரு இளக்கி ஸ்ப்ரேக்களில் சிலிக்கோன் இல்லாதவையும் உண்டு, ஆனால் அவையும் எண்ணெய்ப் படலம் விடும். பெயின்ற் ஓடுகிற பாதைக்குக் கிட்ட அதுவும் வேண்டாம். எங்கள் ஊரில் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது, அதற்கும் இதே பதில்.

பொனற்றை உலோகம் வரை இறக்கினேன். கிளியர், அதை இறுக வைக்கிற ஹார்ட்னர், பேஸ் கோட், உலோகத்தின் மேல் முதலில் போடுகிற பிறைமர் எல்லாம் சேர்த்து 14,800 ரூபா. கிளீனரும் வோட்டர் பேப்பரும் 2,400. கார்க்காரரிடம் இன்னும் ஒரு கிழமை தாருங்கள் அண்ணை என்று கேட்கப் போனபோது அவர் ஒன்றும் ஏசவில்லை. ஏசியிருந்தால் மனதுக்கு இலேசாக இருந்திருக்கும்.

கன்னைத் தின்னரில் கழுவினேன். கழுவினேன் என்றால், முழுக் கன்னையும் ஒரு வாளித் தின்னருக்குள் இரவு முழுக்கப் போட்டுவிட்டேன். இதுவும் செய்யக்கூடாத வேலை. கன்னுக்குள் பெயின்ற் ஓடுகிற பாதை வேறு, காற்று ஓடுகிற பாதை வேறு. முழுக்க அமிழ்த்தினால் கரைந்த பெயின்ற் காற்றுப் பாதைக்குள் போய், நொசிலைச் சுற்றி முன்னால் மூடுகிற எயார் கப்பின் சின்னத் துளைகளுக்குப் பின்னால் காய்ந்து கொள்ளும். ரப்பர் வளையங்கள் தின்னரைக் குடித்து ஊதும். நீடிலைச் சுற்றி நின்று பெயின்ற் பின்னுக்குக் கசியாமல் பிடிக்கிற பக்கிங்கில் இருக்கிற கொஞ்ச நஞ்ச வழுவழுப்பும் கழுவுப்பட்டுவிடும். காலையில் எடுத்து இழுத்தால் ட்ரிக்கர் முன்பைவிட மோசம், அழுத்தி விட்டால் நீடில் திரும்பி முன்னுக்கே வரவில்லை.

அப்போது நான் நீடிலில்தான் ஏதோ என்று முடிவு கட்டி, 1000 இலக்க வோட்டர் பேப்பரால் நுனியிலிருந்து அடி வரை உரஞ்சினேன். நீடிலின் நுனிக் கூம்பு நொசிலின் உள்வாயோடு உலோகத்துக்கு உலோகம் பொருந்தி அடைக்கிற இடம். அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழுந்தாலும் பெயின்ற் கசியும். எனக்குக் கசிந்தது. ட்ரிக்கரை விட்ட பிறகும் நுனியில் ஒரு துளி கட்டி நின்று, அடுத்த இழுப்பில் சொட்டாகப் பறந்தது. நீடில், நொசில், எயார் கப் மூன்றும் சோடியாக வருபவை. ஒன்று போனால் மூன்றையும் சேர்த்து மாற்றுவதுதான் நல்லது. செட் 3,200 ரூபா. மேலே சொன்ன ஸ்ப்ரே ரின்னையும் கூட்டினால் இதோடு 22,000.

பழைய நீடிலைக் கையில் வைத்துக்கொண்டு அன்று பின்னேரம் கனநேரம் சும்மா இருந்தேன். புது நீடில் போட்டும் கரகரப்பு அப்படியே இருந்தது. அதாவது இவ்வளவு நாளும் நான் கை வைத்தது கரகரப்பு இல்லாத இடத்தில். அப்போதுதான் மூளை வேலை செய்யத் தொடங்கியது: ட்ரிக்கரை இழுக்கும்போது உள்ளே அசைவது எத்தனை சாமான், அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி இழுத்துப் பார்த்தால் என்ன?

அந்தப் பரிசோதனையை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கும் பத்து நிமிடம்தான் எடுக்கும். கொம்பிரசர் குழாயைக் கழற்றுங்கள். கப்பைக் கழற்றுங்கள். வெளிச்சமான இடத்தில் ஒரு வெள்ளைத் துணி விரித்து, கழற்றுகிற ஒழுங்கிலேயே சாமான்களை வரிசையாக வையுங்கள். கைபேசியால் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. பின்னாலுள்ள பெயின்ற் அளவு திருப்பியை முழுக்கக் கழற்றினால் ஒரு மெல்லிய ஸ்பிரிங்கும் அதன் பின் நீடிலும் வரும். நீடிலை நேராக, வளைக்காமல் உருவுங்கள். இப்போது ட்ரிக்கரை இழுங்கள். கரகரப்பு முற்றாகப் போய்விட்டால் பிழை நீடில், பக்கிங், நீடில் ஸ்பிரிங் இந்த மூன்றில் ஒன்று. கரகரப்பு அப்படியே இருந்தால் பிழை காற்றைத் திறந்து மூடுகிற எயார் வால்வு அல்லது ட்ரிக்கர். பாதி குறைந்தால் இரண்டு இடத்திலும் இருக்கிறது. என்னுடையது பாதிதான் குறைந்தது.

அடுத்து ட்ரிக்கரின் ஆணி. ஒரு பக்கத்தில் ஆங்கில E எழுத்து வடிவத்தில் சின்னக் கிளிப் இருக்கும், அல்லது ஸ்குறூ. கிளிப்பை எடுக்கும்போது பெருவிரலால் மூடிக்கொள்ளுங்கள், பறந்தால் கிடைக்காது. ட்ரிக்கர் கழன்ற பிறகு, அது தள்ளுகிற வால்வுக் குழாயை விரலால் நேரே உள்ளே அமத்திப் பாருங்கள். என் கன்னில் நீடில் இந்த வால்வுக் குழாயின் நடுவால் ஓடுகிறது. ட்ரிக்கர் முதலில் குழாயைத் தள்ளும், குழாய் கொஞ்சத்தூரம் போனபின் நீடிலின் தடித்த பகுதியைப் பிடித்துப் பின்னுக்கு எடுத்துப் போகும். சில கன்களில் எயார் வால்வு நீடிலுக்குக் கீழே தனியாக இருக்கும். எதுவானாலும் சோதனை ஒன்றுதான். விரலால் அமத்தும்போது வழுவழுப்பாகப் போய், ட்ரிக்கர் பூட்டினால் கரகரத்தால், பிழை வால்வில் இல்லை. ட்ரிக்கரின் முகம், ஆணி, அல்லது ட்ரிக்கரின் இரு பக்கமும் கன்னின் உடம்பில் உரசுவது.

கடைசியாக நீடில் தனியாக. ஸ்பிரிங் போடாமல் நீடிலை மட்டும் பின்னாலிருந்து உள்ளே விட்டு, இரண்டு விரலால் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பக்கிங் பிடிப்பதால் ஒரு மெல்லிய, ஒரே சீரான இழுவை இருக்கும், அது இருக்கத்தான் வேண்டும். மணல் மாதிரி இருந்தால் பக்கிங்குக்குள் அழுக்கு. ஓரிடத்தில் மட்டும் இறுகினால் நீடில் வளைந்திருக்கிறது. கண்ணாடித் தகட்டில் நீடிலை உருட்டினால் வளைவு உடனே தெரியும்; வளைந்ததை நிமிர்த்த முயற்சிக்க வேண்டாம். ஸ்பிரிங் போட்ட பிறகு மட்டும் கரகரத்தால், ஸ்பிரிங்கின் வெட்டிய நுனி கூராக நின்று திருப்பியின் உட்சுவரைச் சுரண்டுகிறது.

என் கன்னில் மூன்று இடத்தில் பிழை. முதலாவது, பக்கிங்கின் இருக்கைக்குள் கறுப்பாகப் பசை மாதிரி ஒன்று. தொழிற்சாலையில் குரோம் மினுக்கப் பாவித்த பொலிஷ் மருந்து கழுவுப்படாமல் நின்று காய்ந்தது. உரஞ்சும் பொடிதானே பொலிஷ் மருந்து. ஒவ்வொரு இழுப்பிலும் அது நீடிலைத் தின்றுகொண்டிருந்தது. மேலே நான் சொன்ன, பாவிக்கப் பாவிக்கக் கன்னையே கெடுக்கிற கரகரப்பு இதுதான். இரண்டாவது, பக்கிங் நட்டை வரும்போதே அளவுக்கு மிஞ்சி இறுக்கியிருந்தார்கள். மூன்றாவது, ட்ரிக்கர் வால்வுக் குழாயைத் தொடுகிற முகத்தில் தகடு வெட்டிய விளிம்பு பிசிறாக நின்றது, அதன் மேல் குரோம் பூசி விட்டிருந்தார்கள். அந்தப் பிசிறைக் கண்ணால் காணவில்லை. பிடித்தது ஒரு மார்க்கர் பேனை: முகத்தில் மை பூசிக் காயவிட்டு, ட்ரிக்கரைப் பூட்டி இருபது தரம் இழுத்துக் கழற்றினேன். முழு முகத்திலும் சீராக அழிய வேண்டிய மை ஒரு மூலையில் கீறலாக மட்டும் அழிந்திருந்தது. உரஞ்ச வேண்டிய இடம் அந்தக் கீறல் அகலம்தான், ஒரு நெல்மணி அளவு. இந்த மார்க்கர் வித்தையை முதல் நாளே செய்திருந்தால் சிலிக்கோனும் வாங்கியிருக்க மாட்டேன், நீடிலும் போயிருக்காது.

திருத்திய விதம். பக்கிங் நட்டைக் கழற்றிப் பக்கிங்கை வெளியே எடுத்தேன். நொசிலைக் கழற்றுவதானால் நீடில் வெளியே வந்த பின்தான் கழற்ற வேண்டும், திரும்பப் பூட்டும்போது நொசிலை இறுக்கிய பின் கடைசியாகத்தான் நீடில். மாறிச் செய்தால் உள்வாய் காயப்படும். இருக்கைக்குள் தின்னரில் தோய்த்த சின்னத் தூரிகையைச் சுழற்றிச் சுழற்றிக் கழுவினேன். கன்னின் மூக்கு கீழே பார்க்கப் பிடித்துக் கழுவினால் தின்னர் காற்றுப் பாதைக்குள் ஓடாது. துணியில் கறுப்பு வராத வரைக்கும் நாலைந்து தரம். பக்கிங்கை ஊற விடாமல் துடைத்து மட்டும் எடுத்தேன். தின்னரில் ஊதிப்போயிருந்த வால்வின் ரப்பர் வளையம் இரண்டு நாள் காற்றில் கிடக்கப் பழைய அளவுக்குத் திரும்பியது. திரும்பாவிட்டால் மாற்றத்தான் வேண்டும்.

ட்ரிக்கரின் முகத்துக்கு, ஐஸ்கிறீம் தடியில் வோட்டர் பேப்பரைச் சுற்றி முதலில் 600, பிசிறு போனதும் 1000, பிறகு 2000. ஒரே திசையில், ட்ரிக்கர் அசைகிற திசையில்தான் உரஞ்ச வேண்டும். குறுக்கே உரஞ்சினால் அந்தக் கோடுகளே புதுக் கரகரப்பாகிவிடும். பத்து இழுப்புக்கு ஒருமுறை மை பூசிப் பார்த்தேன். குரோம் கொஞ்சம் போய் உலோகம் தெரியும், அது பிழையில்லை. முகத்தின் கோணத்தையோ உயரத்தையோ மாற்றக்கூடாது, மாறினால் காற்றுக்கும் பெயின்ற்றுக்கும் இடையிலான அந்த இடைவெளி மாறிவிடும். கடைசியில் உலோகம் மினுக்குகிற பிராசோ தொட்ட துணியால் ஒரு நிமிடம் மினுக்கி, அதைத் தின்னரால் மூன்று தரம் துடைத்தேன். மினுக்கிய மருந்தை விட்டுவைத்தால் தொழிற்சாலைக்காரர் செய்த பிழையை நாமே திரும்பச் செய்தது ஆகும்.

கையில் வோட்டர் பேப்பர் இருக்கும்போது ஆசை வரும்: நீடிலையும் ஒரு இழுப்பு இழுப்போம், ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் ட்ரிக்கர் இலேசாகுமே என்று. நீடிலில் தண்டுப் பகுதியை, அதுவும் வோட்டர் பேப்பர் இல்லாமல் பொலிஷ் துணியால் நீளவாக்கில் மினுக்கலாம், கூம்பைத் தொடக்கூடாது. ஸ்பிரிங்கை வெட்டவே கூடாது. நீடிலை நொசிலில் அமத்தி அடைப்பது அந்த ஸ்பிரிங்தான். அதை மெலித்தால் விடும்போது அடைப்புப் பிந்தும், ஓட்டத்தின் முடிவில் துப்பும். இன்னொன்று, காற்றுத் திறந்த பிறகு நீடிலைப் பிடிக்குமிடத்தில் விரலுக்கு ஒரு படி தெரியும். அது பிழை அல்ல. அதைக் கரகரப்பு என்று நினைத்து அழிக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல கன்னில் அந்தப் படி தெளிவாக, ஒரு சத்தமில்லாத தட்டுப்போல இருக்கும்.

பக்கிங் நட்டை இறுக்குகிற அளவுதான் இதில் மிக நுணுக்கமான காரியம். நீடிலை உள்ளே விட்டபடிதான் இறுக்க வேண்டும், அப்போதுதான் பக்கிங் நடுவில் நிற்கும். கையால் போகும் வரை இறுக்கி, பிறகு ஸ்பானரால் ஆறில் ஒரு பங்கு சுற்று, அதாவது நட்டின் ஒரு முகத்திலிருந்து அடுத்த முகம் வரை. பிறகு ட்ரிக்கரை இழுத்து, மிக மெதுவாக விட்டுப் பாருங்கள். நீடில் தானாக முன்னுக்கு வந்து அடைக்க வேண்டும். இடையில் நின்றால் நட் கூடிவிட்டது, கொஞ்சம் தளர்த்துங்கள். பெயின்ற் ட்ரிக்கருக்குக் கிட்டக் கசிந்தால் குறைந்துவிட்டது, மிகக் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

வழுக்கலுக்கு, கன்னுக்கென்றே விற்கிற சிலிக்கோன் இல்லாத கிறீஸ் கிடைத்தால் அதுதான் முதல் தெரிவு. எனக்குக் கிடைக்கவில்லை. மணமோ வேறு சேர்மானமோ இல்லாத பெற்றோலியம் ஜெலி, மருந்துக் கடையில் வாங்குகிற வெறும் வசலின், பாவித்தேன். அளவு ஒரு அரிசி. அதை ஐந்து இடத்துக்குப் பங்கிட வேண்டும்: நீடிலின் தண்டில் பக்கிங்குக்குள் ஓடுகிற பகுதி, நீடில் ஸ்பிரிங், வால்வுக் குழாய், ட்ரிக்கர் ஆணி, திருப்பியின் புரி. பூசிய பிறகு துணியால் துடையுங்கள். துடைத்தபின் எஞ்சுகிற படலம்தான் தேவை. நீடிலின் முன்பாதி பெயின்ற்றுக்குள் நிற்பது, அதில் ஒன்றும் இருக்கக்கூடாது. வசலினும் கூடிப் பெயின்ற்றுக்குள் போனால் மீன்கண் போடும்.

எல்லாம் பூட்டியபின், காற்றும் பெயின்ற்றும் இல்லாமல் முந்நூறு தரம் இழுத்து விட்டேன். எஞ்சியிருந்த சின்னக் கரகரப்பு இதில் போனது. கடைக்காரர் சொன்ன "பாவிக்கப் பாவிக்க" சரிவருகிற பகுதி இவ்வளவுதான். பிறகு கப்பில் 50 மில்லிலீற்றர் தின்னர் விட்டு, பத்து நிமிடம் கொளுவி வைத்தேன். நுனியில் துளி நின்றால் நீடில்-நொசில் அடைப்புப் பிழை, ட்ரிக்கர்ப் பக்கம் ஈரமானால் பக்கிங். காற்றுக் கொடுத்து, ட்ரிக்கரைத் தொடாமல் எயார் கப்பில் காதை வைக்காமல் கையை வைத்துப் பாருங்கள். காற்று வந்தால் எயார் வால்வு அடைக்கவில்லை. அந்தத் தின்னரைக் காகிதத்தில் அடித்து முடித்து, கிளீனரால் துடைத்த ஒரு பழைய கண்ணாடியில் கொஞ்சம் கிளியர் அடித்துப் பார்த்தேன். மீன்கண் இல்லை. கண்ணாடியில் பார்க்காமல் அடுத்தவரின் காரில் அடிக்காதீர்கள். ஹார்ட்னர் கலக்கிற கிளியர் எதுவானாலும், ஒரு சின்னப் பரிசோதனைக்கு என்றாலும், இரசாயன வடிகட்டி உள்ள சரியான மாஸ்க் போடுங்கள். பெரும்பாலான ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேற் நுரையீரலைக் கெடுப்பது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

எங்கள் இடத்துக்கே உரிய இரண்டு விஷயம். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பிடிப்பது அதுதான். தண்ணீர்ப் பெயின்ற் அடித்தபின் கன்னைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவி அப்படியே வைத்தால் அதே வெள்ளை நீடிலிலும் பக்கிங்கிலும் காய்ந்து, நல்ல கன்னும் கரகரக்கத் தொடங்கும். கடைசிக் கழுவல் மழைத் தண்ணீரால், அல்லது கல்லுப் பிடிக்காத அளவுக்குச் சுத்திகரித்த தண்ணீரால். கழுவி, காற்றடித்து, உடனே உலர்த்துங்கள். மற்றது காற்று. சோளகத்தில் (தென்மேற்குக் காற்றில்) தூசி, வாடையில் ஈரம், கடற்கரைப் பக்கம் என்றால் உப்பும். கொம்பிரசர் ராங்கின் அடித் திருப்பியை ஒவ்வொரு நாளும் திறந்து தண்ணீரை வெளியே விடுங்கள், கன்னுக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கிற வடிகட்டி ஒன்று பூட்டுங்கள். ஈரக் காற்று எயார் வால்வுக்குள் போய்த் துருவாக்கினால் அந்தக் கரகரப்புக்கு வோட்டர் பேப்பர் பதில் அல்ல.

இனிக் கன் வாங்கும்போது கடையிலேயே செய்யக்கூடியது: பின் திருப்பியைக் கழற்றி நீடிலை உருவிக் காட்டச் சொல்லுங்கள். நீடிலை வெள்ளைக் காகிதத்தில் துடையுங்கள், கறுப்பு வந்தால் உள்ளே பொலிஷ் மருந்து இருக்கிறது. நீடில் இல்லாமல் ஒரு இழுப்பு, நீடிலோடு ஒரு இழுப்பு. கறுப்பு மட்டும் என்றால் வாங்கலாம், வீட்டில் கழுவினால் தீரும். நீடில் வளைந்திருந்தால், ட்ரிக்கர் ஒரு பக்கம் சரிந்து உடம்பில் உரசினால், விட்டுவிட்டு அடுத்த பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.

பொனற்றை நான்காவது கிழமை அடித்துக் கொடுத்தேன். அந்தக் கன்னில் முதல் மூன்று வேலைக்குப் பிறகு பக்கிங் கொஞ்சம் அமர்ந்து, ட்ரிக்கருக்குக் கிட்ட மெல்லிய ஈரம் தெரிந்தது. புதுப் பக்கிங் எல்லாம் அப்படி அமரும். நட்டை ஒரு மயிரிழை கூட்டினேன், நின்றுவிட்டது.